சின்னப் பிள்ளைகளோடு ஈஸ்டர்: எங்கள் ஊரில் செய்தது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ஆடு, ரெண்டு பிள்ளைங்க, குழுக் கணக்கு நோட்டு, இதுதான் என் பிழைப்பு. மைக்கைப் பிடிச்சு இதுவரை குழு உறுதிமொழி மட்டும்தான் வாசிச்சிருக்கேன். ஊக்குநர் அக்கா வந்து, "உங்க குழுவுல ஈஸ்டருக்குப் பால்வாடிப் பிள்ளைகளை வச்சு என்னமோ செஞ்சீங்களாமே, அதை வந்து சொல்லு, மத்த ஊர்க்காரங்களும் செய்வாங்க"ன்னாங்க. அதனாலதான் நிக்கேன். கடன், வட்டி, சேமிப்பு பத்தி மத்தவங்க பேசுவாங்க. நான் கோழி, பயறு, ஓலை, பிள்ளைங்க பத்திப் பேசுறேன்.

எங்க ஊர் உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டினது. பனைமரம்தான் எங்க ஊருக்குச் சோறு போட்டது. ஊர்ல மாதா கோயில் இருக்கு, அதுக்குத் தெக்க சாஸ்தா கோயில் இருக்கு, நாலஞ்சு முஸ்லிம் வீடும் இருக்கு. எங்க குழுவுல 12 பேர். எல்லா வீட்டுக்காரங்களும் கலந்துதான் இருக்கோம்.

தவக்காலம் வந்தா பெரிய பிள்ளைங்களுக்கு எல்லாம் உண்டு. மறைக்கல்வி வகுப்பு உண்டு, சிலுவைப்பாதை உண்டு, பாடற்குழு உண்டு, ராத்திரி பாடுகளின் நாடகம் உண்டு. மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன உண்டு? அம்மா மடியில உக்காந்து அழுகிறது ஒண்ணுதான். பூசையில சத்தம் போட்டா நம்மதான் தூக்கிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில நிக்கணும். நாடகத்துல சாட்டையால அடிக்கிறதையும் சிவப்புச் சாயம் வழியிறதையும் பார்த்துட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை மூணு ராத்திரி அலறி எழுந்திருச்சான். நாடகம் நல்ல நாடகம்தான், நானும் அழுதேன். ஆனா அது அவனுக்குப் போட்ட நாடகம் இல்லை. பயமுறுத்திச் சொல்லிக் கொடுத்தா அந்த வயசுல பக்தி வராது, பாய்தான் நனையும்.

அதனால 2025 பிப்ரவரி மாசக் கூட்டத்துல இதைப் பேசினோம். சின்னப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு ஈஸ்டர் வைக்கலாமா, அதுல அவங்க நாலு விஷயம் கத்துக்கிற மாதிரி செய்யலாமான்னு. எல்லாரும் உடனே சரின்னு சொல்லிடலை. ஒரு அக்கா நேராவே கேட்டாங்க: "குழு எல்லா சாதி மதத்துக்கும் பொது. குழுப் பணத்துல ஒரு மதத்துப் பண்டிகை செய்யலாமா?" அது நியாயமான கேள்வி. அப்படியே தீர்மான நோட்டுல எழுதினோம்: குழுப் பணத்துல ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது, விருப்பம் உள்ளவங்க கையில இருந்து போட்டுச் செய்யலாம், ஜெபம் கோயிலுக்குப் போற வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும், மத்த வேலை எல்லாப் பிள்ளைங்களுக்கும், அதுவும் அவங்க அம்மாட்ட கேட்டுட்டு. எட்டுப் பேர் ஆளுக்கு 75 ரூபாய் போட்டோம். 600 ரூபாய் ஆச்சு. மொத்தப் பண்டிகையும் அதுக்குள்ள முடிஞ்சது. கணக்கைப் பிறகு சொல்றேன்.

கேட்ட அக்கா இந்துதான். அவங்க பேரனைத்தான் முதல்ல கூட்டிட்டு வந்து விட்டாங்க. மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 22 பிள்ளைங்க சேர்ந்தாங்க. 13 பிள்ளைங்க கோயில் வீட்டுப் பிள்ளைங்க, 7 பேர் இந்து, 2 பேர் முஸ்லிம்.

அங்கன்வாடி டீச்சர்ட்ட போய் யோசனை கேட்டோம். அவங்க சொன்ன முக்கியமான விஷயம், இந்த வயசுப் பிள்ளை ஒரு வேலையில பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கும். ஒரே நாள்ல மூணு மணி நேரம் வச்சா, கடைசியில பிள்ளையும் அழும், நீங்களும் அழுவீங்க. அதனால ஒருநாள் விழாவா வைக்காம, நாள் நாளாப் பிரிச்சோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நேரம். அஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் கட்டாயம்.

ஒரு தங்கச்சி செல்போன்ல முயல் பொம்மை, பிளாஸ்டிக் முட்டை, வெள்ளைக்காரப் பிள்ளைங்க கூடையை வச்சுக்கிட்டு ஓடுறது எல்லாம் காட்டினா. ஆன்லைன்ல வாங்கிடலாம்னா. முயல் ஜெர்மனிப் பக்கத்து வழக்கம்னு பங்குச் சாமியார் சொன்னாங்க. அந்த ஊர்க்காரங்க வயல்ல முயல் ஓடுது, அவங்க வச்சுக்கிட்டாங்க. நம்ம பிள்ளைங்க முயலைப் படத்துலதான் பார்த்திருக்கு. கோழியை வாசல்ல பார்க்குது. முட்டை எப்படி ஈஸ்டருக்கு வந்ததுன்னும் கேட்டோம். அந்தக் காலத்துல தவக்காலம் முழுசும் கறி மட்டுமில்ல, முட்டையும் சாப்பிட மாட்டாங்களாம். கோழி அது பாட்டுக்கு முட்டை போடுமே, அது நிறுத்துமா? 40 நாள் முட்டை சேர்ந்து கிடக்கும். ஈஸ்டர் அன்னைக்கு அதை எடுத்துச் சாயம் போட்டு எல்லாருக்கும் கொடுப்பாங்களாம். இதைக் கேட்டதும் எங்களுக்கு முட்டை மேல இருந்த அந்நியம் போயிடுச்சு. இது வீட்டுப் பொம்பளைங்க கணக்குதானே. ஆக முட்டை வச்சுக்கிட்டோம், முயலை விட்டுட்டோம்.

அடுத்தது தேதி. ஈஸ்டர் ஏன் ஒவ்வொரு வருஷமும் மாறி மாறி வருதுன்னு என் பெரிய மகளே என்னைக் கேட்டிருக்கா. மார்ச் 21 அன்னைக்கோ அதுக்குப் பிறகோ வர்ற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் ஈஸ்டர். அதனால மார்ச் 22-க்கு முன்னாலயும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலயும் வராது. நம்ம பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருது. 2025-ல பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளி. எங்க ஊர் பாதிப் பேர் சாஸ்தா கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிட்டாங்க. அதுக்கடுத்த ஞாயிறு ஏப்ரல் 13 குருத்தோலை ஞாயிறு. மறுநாள் சித்திரை ஒண்ணு. அதுக்கடுத்த ஞாயிறு ஏப்ரல் 20 ஈஸ்டர். அதுக்கு முன்னால மார்ச் 31 ரம்ஜான். பிறையைப் பார்த்து ரம்ஜான், வளர்ந்த நிலாவைப் பார்த்து பங்குனி உத்திரமும் ஈஸ்டரும். மூணு வீட்டுக்காரங்களும் ஒரே நிலாவைத்தான் அண்ணாந்து பார்த்துட்டு இருந்திருக்கோம். இதை நாங்க யாரும் அதுவரை யோசிச்சதில்லை.

அதை வச்சே முதல் வேலையை ஆரம்பிச்சோம். மார்ச் 30 சாயங்காலம் பிள்ளைங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பிறை காட்டினோம். முஸ்லிம் வீட்டு மைனி கையை நீட்டிக் காட்ட, எல்லாப் பிள்ளையும் "எங்கே, எங்கே"ன்னு கத்திச்சு. அன்னையிலிருந்து சாயங்காலம் நிலாவைப் பார்த்து, சுவத்துல கரித்துண்டால ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாள் நிலா வரையணும். முதல் நாள் நகத்துண்டு மாதிரி, பிறகு வாழைப்பழம் மாதிரி, பாதித் தோசை மாதிரி, முழுத் தோசை மாதிரி. நாள் எண்ணவும், பெருசு சிறுசு சொல்லவும் இதைவிட வேற பாடம் வேண்டாம். பௌர்ணமிக்குப் பிறகு நிறுத்திட்டோம். நிலா நேரம் கழிச்சு வருது, பிள்ளைங்க தூங்கிடுது.

அன்னைக்கே, அந்த மார்ச் 30 ராத்திரியே, கோழியை அடை வச்சோம். கோழி முட்டை பொரிய 21 நாள். ஏப்ரல் 20-ல இருந்து பின்னால எண்ணினா மார்ச் 30. எங்க தெருக் கடைசி வீட்டுச் சித்தி கோழி வளர்க்கிறதுல கெட்டிக்காரி. அவங்க கோழி ஒண்ணு அடைக்குக் கேவிக்கிட்டுக் கிடந்துச்சு. ஓலைப்பெட்டியில மணல் போட்டு, மேல வைக்கோல் போட்டு, 11 நாட்டுமுட்டை வச்சாங்க. இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகும்னு ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ஞ்ச மிளகாயும் ஓரத்துல போட்டாங்க. அது எதுக்குன்னு பிள்ளைங்க கேட்டுச்சு. "எங்கம்மா போட்டா, நானும் போடுறேன்"ன்னு சித்தி சொன்னாங்க. நேர்மையான பதில்.

ஒரு சிரட்டையில 21 புளியமுத்து. தினம் ஒரு பிள்ளை வந்து ஒரு முத்தை எடுத்து அடுத்த சிரட்டையில போடணும். கோழியைத் தொடக் கூடாது, கத்தக் கூடாது, எட்ட நின்னு பார்க்கணும். என் சின்னவன் அதுவரை அஞ்சுக்கு மேல எண்ண மாட்டான். மூணாவது வாரம் "இன்னும் நாலு முத்துதான்"ன்னு வீட்டுல வந்து சொன்னான். கூட்டல் கழித்தல் எல்லாம் அதுலயே இருக்கு.

எட்டாம் நாள் ராத்திரி சித்தி வீட்டு உள் அறையில லைட்டை அணைச்சுட்டு, கோழி இரை எடுக்க இறங்கின நேரம் பார்த்து, ஒவ்வொரு முட்டையா டார்ச் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாங்க. கரு பிடிச்ச முட்டைக்குள்ள சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்பு தெரியும், நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. கரு பிடிக்காதது தெளிவா மஞ்சளாத் தெரியும். கூமுட்டை ரெண்டு இருந்துச்சு, எடுத்துட்டோம். 9 முட்டை மிச்சம். பிள்ளைங்க மட்டுமில்ல, பெத்தவங்களும் வரிசையில நின்னாங்க. நானே நாலு பிள்ளை பெத்த வீட்டுல பிறந்தவ, ஒரு முட்டைக்குள்ள இப்படி நரம்பு ஓடுறதை 34 வயசுல அன்னைக்குத்தான் பார்த்தேன்.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் ஓலை வேலை. சிலுவை பின்னுறது இந்த வயசுக்கு வராது, பெரியவங்களே தடுமாறுவாங்க. மோதிரம், வாட்ச், காத்தாடி, இது மூணும் வரும். ஈர்க்கை முன்கூட்டியே உரிச்சு எடுத்துடணும், அது கண்ணுல குத்தும். குருத்தோலைதான் வேணும். முத்தின ஓலை விளிம்பு கையை அறுக்கும், மட்டைப் பக்கமே பிள்ளைங்களை விடக் கூடாது. எங்க மாமனார் காலத்துல ஊர்ல வீட்டுக்கு ஒரு பனையேறி இருந்தாங்க. இப்ப ஓலை வெட்டித் தர ஆள் தேட வேண்டியிருக்கு. பிள்ளைங்க ஓலையைத் தொட்டு மடிச்சு வளரட்டும்னு எனக்கு ஒரு ஆசை.

அன்னைக்கே பயறும் போட்டோம். முந்தின நாள் ஊறவச்ச சிறுபயறு. அடியில ஓட்டை போட்ட சிரட்டை, ஆட்டுப்புழுக்கை கலந்த மண். பிள்ளைக்கு ஒரு சிரட்டை, மேல கரியால அவங்க அடையாளம்: ஒருத்தனுக்கு நட்சத்திரம், ஒருத்திக்கு மீன். சிரட்டைக்கு அஞ்சு பயறு போடச் சொன்னேன். ஏன்னா நிச்சயமா ஒண்ணு ரெண்டைத் தோண்டிப் பார்ப்பாங்க. மூணாம் நாள் எல்லாச் சிரட்டையிலும் விரல் ஓட்டை இருந்துச்சு. விதை மண்ணுக்குள்ள போய்த்தான் முளைக்கணும்ங்கிற பேச்சு பைபிள்லயும் வருது. அதை மேடையில நின்னு பிரசங்கமாச் சொன்னா பிள்ளைக்குப் புரியாது. தன் பயறு தலையால மண்ணை முட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்தாப் புரியும். இன்னொரு சிரட்டையைப் பானைக்குள்ள இருட்டுல மூடி வச்சோம். அது வெளிறிப்போய் மஞ்சளா நெடுநெடுன்னு வளர்ந்துச்சு. "முளைப்பாரி மாதிரி இருக்கு"ன்னு இந்து வீட்டு ஆச்சி ஒருத்தங்க சொன்னாங்க. அதேதான். அவங்களே உக்காந்து பிள்ளைங்களுக்கு முளைப்பாரி வளர்க்கிற பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தாங்க.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வர்றேன். இதைச் சொல்லலாமான்னு அந்த உறுப்பினர்ட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன்.

எங்க குழுவுல ஒரு தங்கச்சி. வீட்டுக்காரர் பனை ஏறுறவர். முந்தின வருஷம் மரத்துல இருந்து விழுந்து இறந்துட்டார். நாலு வயசு மக. செத்த அன்னைக்குப் பிள்ளையைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிட்டாங்க. வந்த பிறகு "அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்காவ"ன்னு பெரியவங்க சொல்லி வச்சிருந்தாங்க. இரக்கத்துலதான் சொன்னாங்க. ஆனா அந்தப் பிள்ளை சாயங்காலம் ஆறு மணி பஸ் வர்ற நேரம் வாசப்படியில வந்து உக்காந்துக்கும். ஊரே பார்க்கும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.

இப்ப நாங்க அந்தப் பிள்ளைட்ட, ஒருத்தர் செத்தார், கல்லறையில வச்சாங்க, மூணாம் நாள் எழுந்து வந்தார்னு கதை சொல்லப் போறோம். அது என்ன நினைக்கும்? ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கதையே சொல்லாம, முட்டை கோழின்னு விளையாடிட்டு விட்டுடலாமான்னுகூட நினைச்சேன். ஆனா சொல்லாட்டாலும் கோயில்ல கேக்கத்தானே போகுது.

ஏப்ரல் முதல் வாரம் அந்தத் தங்கச்சி வீட்டுக்கு நானும் ஊக்குநர் அக்காவும் போனோம். அவ மாமியார் உடனே, "கடைசி நாள்ல எல்லாரும் உயிர்த்தெழுவோம்தானே, வருவான்னே சொல்லுங்க"ன்னாங்க. மகனைப் பறிகொடுத்தவங்க, அவங்கட்ட என்ன பேச முடியும். தங்கச்சி ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. பிறகு சொன்னா: "வருவான்னு சொன்னா அது பஸ் ஸ்டாப்புலயே உக்காந்திருக்கும் அக்கா. நான் சொல்லிடுறேன். நான்தான் சொல்லணும்."

எப்படிச் சொல்லணும்னு எங்க மூணு பேருக்கும் தெரியலை. அங்கன்வாடி டீச்சர்ட்ட போய்க் கேட்டோம். தூங்கிட்டாங்க, சாமி கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னா, பிள்ளை தூங்கப் பயப்படும், இல்லன்னா சாமி மேல கோவம் வரும். செத்துப்போறதுன்னா என்னன்னு சின்ன வார்த்தையில சொல்லுங்க, உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு, வலிக்காது, பசிக்காது, வீட்டுக்குத் திரும்பி வர முடியாது. பிறகு பிள்ளை கேக்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, எத்தனை தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லுங்கன்னாங்க. தங்கச்சி பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், கல்லறைத் தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போய், அவர் பேர் எழுதின சிலுவையைக் காட்டிச் சொல்லியிருக்கா. பிள்ளை கொஞ்ச நேரம் சிலுவையைத் தடவிப் பார்த்துட்டு, "இங்க இருட்டா இருக்குமா?"ன்னு கேட்டிருக்கு. அன்னைக்கும் மறுநாளும் ஆறு மணிக்கு வாசப்படிக்கு வந்துச்சு. அதுக்கு மறுநாள் வரலை.

பெரிய வெள்ளி அன்னைக்குக் கதை சொன்னது என் பொறுப்பு. நாலு அட்டையில நாலு படம், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் வரைஞ்சு கொடுத்தான். ஓலை பிடிச்ச ஊர்வலம், எல்லாரும் உக்காந்து சாப்பிடுறது, கல் வச்சு மூடின குகை, கல் புரண்டு திறந்து கிடக்கிற குகை. ஆணி, ரத்தம், சாட்டை படத்துலயும் இல்லை, பேச்சுலயும் இல்லை. "இயேசுவைச் சிலர் கொன்னுட்டாங்க. அவங்க அம்மா ரொம்ப அழுதாங்க. கல்லறையில வச்சுக் கல்லை வச்சு மூடினாங்க"ன்னு சொல்லி நிறுத்திட்டேன். நாலாவது அட்டையைக் கவிழ்த்து வச்சுட்டு, இது ஞாயித்துக்கிழமைன்னேன். சனிக்கிழமை ஒரு வேலையும் வைக்கலை. காத்திருக்கிறதும் பிள்ளைங்க பழக வேண்டியதுதான். மூணு பிள்ளை வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் போச்சு, அது வேற விஷயம்.

சனி ராத்திரி பூசைக்குக் கிளம்பும்போது சித்தி ஓடி வந்தாங்க, முட்டைக்குள்ள சத்தம் கேக்குதுன்னு. காதை வச்சுக் கேட்டோம். கீச் கீச்சுன்னு உள்ள இருந்தே கத்துது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூட மரத்தடியில கூடினோம். முதல்ல வாசனை விளையாட்டு. இது ஏன்னு நீங்க கேக்கணும். ஞாயிறு விடியக்காலம் கல்லறைக்கு முதல்ல போனது பெண்கள்தான். உடம்புக்குப் பூச வாசனைப் பொருள் எடுத்துட்டுப் போறாங்க. போற வழியில, அந்தப் பெரிய கல்லை நமக்கு யார் புரட்டித் தருவான்னு பேசிக்கிட்டே போறாங்க. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நம்ம குழுப் பொம்பளைங்க பேங்குக்குப் போற மாதிரியே இருக்கும். ஏலக்காய், துளசி, பட்டை, சாம்பிராணி, கருவேப்பிலை, அஞ்சையும் தனித்தனித் துணியில முடிஞ்சு, கண்ணை மூடி மோந்து பார்த்துச் சொல்லணும். சாம்பிராணியைக் கோயில் வீட்டுப் பிள்ளை "பூசை"ன்னான், இந்து வீட்டுப் பிள்ளை "வெள்ளிக்கிழமை"ன்னா, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை "எங்க நன்னாம்மா"ன்னா. மூணும் சரின்னு சொன்னோம்.

அடுத்து கல் புரட்டுறது. வைக்கோலும் கொஞ்சம் மணலும் திணிச்ச சாக்கு மூட்டை. ஒருத்தர் தள்ளினா அசையாது, அஞ்சு பேர் சேர்ந்து தள்ளினா உருளும். இதுக்கு விளக்கம் எதுவும் சொல்லலை, நாங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே நின்னோம். பிறகு நாலாவது அட்டையைத் திருப்பினோம். அட்டைகளைக் கலைச்சுப் போட்டு வரிசைப்படி அடுக்கச் சொன்னோம். முன்னால, பின்னால, அதுக்கப்புறம் என்கிற பேச்செல்லாம் பிள்ளைங்க வாயில தானா வந்துச்சு.

முட்டைச் சாயம் பத்திச் சொல்லணும். கடைச் சாயப் பொடி வேண்டாம். வெங்காயச் சருகைத் தண்ணியில கொதிக்கவிட்டா செங்கல் நிறம், மஞ்சள்தூள்னா மஞ்சள், சங்குப்பூன்னா நீலம். பீட்ரூட் ரோஸா வரும்னு நினைச்சோம், கொஞ்சம் மங்கின மாதிரிதான் வந்துச்சு. சாயத் தண்ணியில ஒரு மூடி வினிகர் ஊத்தினா நிறம் ஓட்டுல நல்லாப் பிடிக்கும். வெள்ளை ஓட்டு முட்டைதான் வாங்கணும், நாட்டுமுட்டை ஓட்டுல நிறம் எடுக்காது. முட்டையைப் போடும் முன்னால என்ன நிறம் வரும்னு பிள்ளைட்ட கேக்கணும். சொன்னது தப்பாப் போனா அதுங்களுக்கு இன்னும் சந்தோஷம். ஒரு கிண்ணம் சங்குப்பூத் தண்ணியைத் தனியா வச்சு எலுமிச்சை பிழிஞ்சோம். நீலம் ஊதாவா மாறிச்சு. 22 பிள்ளையும் ஒரே நேரம் "ஏ"ன்னு கத்தினது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி மாதிரி சிவக்கும், ஆனா அதை நாங்கதான் கலந்து காட்டினோம். சுண்ணாம்பைப் பிள்ளை கையில கொடுக்கவே கூடாது, கண்ணுல பட்டா வேக வச்சுடும்.

அவிச்ச முட்டையை ஒளிச்சு வச்சுத் தேடுற விளையாட்டு எங்களுக்குச் சரிப்படலை. ஏப்ரல் வெயில்ல அவிச்ச முட்டை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியே கிடந்தா சாப்பிடக் கொடுக்கக் கூடாது. எறும்பு வேற. அதனால முட்டையை அங்கேயே உரிச்சுத் தின்னக் கொடுத்துட்டு, தேடுறதுக்குச் சின்ன ஓலைக் கொட்டான் ஒளிச்சோம். உள்ள ஒரு துண்டு சில்லுக்கருப்பட்டி. ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான், கிடைச்சவங்க கிடைக்காதவங்களுக்குத் தேடிக் கொடுக்கணும். பரிசு வைக்கலை. ரெண்டு அம்மாமாருக்கு அதுல வருத்தம்தான், இந்த வயசுல பரிசு கொடுத்தா ஒண்ணு சிரிக்கும், 21 அழும்னு சொல்லிப் பார்த்தோம். நிலக்கடலை, கோலி மாதிரி உருண்டையான மிட்டாய், பலூன், மூணையும் தவிர்த்துட்டோம். தொண்டையில சிக்கினா ஆஸ்பத்திரிக்குப் போற தூரம் நமக்குத் தெரியும். முட்டை ஒத்துக்காத பிள்ளை ஒண்ணு இருந்துச்சு, அதுக்குச் சுண்டல். மெழுகுதிரியைப் பெரியவங்கதான் பிடிச்சிருந்தோம், நைலான் கவுன் போட்ட பிள்ளைங்க கையில திரி கொடுக்கலை.

கடைசியில சித்தி ஓலைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. 9 முட்டையில 7 குஞ்சு. ஈரம் காய்ஞ்சு பஞ்சு மாதிரி இருந்துச்சு. ஒரு முட்டை விரியவே இல்லை. இன்னொண்ணு ஓட்டை உடைச்சுப் பாதி வெளியே வந்து செத்துப்போயிருந்துச்சு. சித்தி அதை முன்னாலயே எடுத்துடலாம்னு கேட்டாங்க. நான், இருக்கட்டும், ஓரமா வைங்க, கேட்டாச் சொல்லுவோம்னேன். கேட்டது அந்தத் தங்கச்சி மகதான்.

"இது ஏன் எந்திரிக்கலை?"

"அது செத்துப்போச்சு, மக்ளே"ன்னாங்க சித்தி.

"மூணு நாளு கழிச்சி எந்திரிக்குமா?"

மரத்தடியில ஒரு சத்தம் இல்லை. நான் அவ அம்மாவைப் பார்த்தேன். அவ முந்தானையை இடுப்புல செருகிட்டு மகளுக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்தா. "எந்திரிக்காது. இயேசுசாமி எந்திரிச்சாவ. கோழிக்குஞ்சு எந்திரிக்காது"ன்னா.

"எங்கப்பா?"

"அப்பாவும் வீட்டுக்கு வரமாட்டாவ. நாம எல்லாரும் ரொம்ப வயசாகி, செத்து, சாமிட்ட போனபிறவு அங்க பாப்போம். அதுவரைக்கும் அம்மை இருக்கேன், ஆச்சி இருக்கா."

பிள்ளை கொஞ்ச நேரம் செத்த குஞ்சையே பார்த்துச்சு. பிறகு, "அப்ப இதை மண்ணுல வைக்கணும்"ன்னு சொல்லிச்சு. வச்சோம். பயறு சிரட்டை வரிசைக்குப் பக்கத்துல சின்னக் குழி தோண்டி வச்சோம். அவளே ஓலை மோதிரத்தைக் கழட்டி மேல போட்டா. போட்டுட்டு ஓடிப் போய் மத்த குஞ்சை எண்ண ஆரம்பிச்சுட்டா. ஒரு பெரியம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைட்ட இதெல்லாம் பேசலாமா"ன்னு கோவிச்சாங்க. அவங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா பேசினது நான் இல்லை, அதைப் பெத்தவ. அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இப்ப கணக்கு. வெள்ளை முட்டை 24, ஒண்ணு 6 ரூபாய், 144. எலுமிச்சை, பீட்ரூட், வினிகர் 60. சிறுபயறு 40. சில்லுக்கருப்பட்டி 200. சுண்டலுக்கு 120. ஆகமொத்தம் 564. மிச்சம் 36 ரூபாய்க்குக் குஞ்சுகளுக்குக் குருணை வாங்கிக் கொடுத்தோம். ஓலை, சிரட்டை, மணல், சங்குப்பூ, நாட்டுமுட்டை எல்லாம் ஊர்லயே கிடைச்சது. 7 குஞ்சுல 5 தேறி வளர்ந்துச்சு. ஒண்ணைக் காக்கா தூக்கிச்சு, ஒண்ணைக் கீரி பிடிச்சுது. அதையும் பிள்ளைங்க வந்து என்னட்ட சொல்லிட்டுத்தான் போச்சு.

இதை உங்க ஊர்ல செய்ய நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2026-ல ஈஸ்டர் ஏப்ரல் 5. குருத்தோலை ஞாயிறு மார்ச் 29, பயறு அன்னைக்குப் போடணும். கோழியை அடை வைக்க வேண்டியது மார்ச் 15 ஞாயித்துக்கிழமை. அந்த நேரம் பார்த்து உங்க வீட்டுக் கோழி அடைக்கு வரலைன்னா ஒண்ணும் செய்ய முடியாது, அதனால ரெண்டு மூணு வீட்டுல முன்கூட்டியே சொல்லி வைங்க. எங்க சித்திட்ட இப்ப ரெண்டு அடைக்கோழி தேறும். வேணும்கிறவங்க சாப்பாட்டு நேரத்துல என்னைப் பாருங்க, அவங்களும் வந்திருக்காங்க, மூணாவது வரிசையில பச்சைச் சேலை.